தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றம். வழக்கமாக நான்காவது கியரில் எழுபதில் ஏறிவிடும் என் 2009 மாடல் டீசல் கார், அன்று மூன்றாவதுக்கு இறக்கியும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் சத்தம் மட்டும் ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கருப்பு. சிமெண்ட் லோடு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அதுதான் மிகவும் உறைத்தது.

மறுநாள் காட்டிய பட்டறையில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "டர்போ போச்சுங்க, மாத்திடலாம்." செலவு முப்பதாயிரத்துக்கு மேல். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் என்ன போயிருந்தது என்பதைக் கீழே கரும்புகைப் பகுதியில் சொல்கிறேன்.

வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்தான் டர்போ. டர்போ டீசலில் இழுவை குறைந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழுகிறது. ஆனால் காற்று தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், டீசல் போதிய அழுத்தத்தில் வர வேண்டும், எரிந்த புகை அடைபடாமல் வெளியேற வேண்டும். இதில் எது கெட்டாலும் டர்போ ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பாகத்தின் பெயரிலிருந்து தொடங்காமல், வண்டி காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

இங்கே சொல்வது காமன் ரெயில் வந்த பிறகான பிஎஸ்3, பிஎஸ்4 (புகை மாசு விதிகளின் நிலைகள்) கார்களுக்கு. உயர் அழுத்த டீசலை ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் தேக்கி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் கொடுக்கும் முறைதான் காமன் ரெயில். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ என்று பல பெயர்களில் ஊரெல்லாம் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட், அதாவது 1248 சிசி என்ஜின், இந்த வகையில் அதிகம் கண்ணில் படுவது. அதன் 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போ. 90 குதிரைத்திறன் வகையில் சிறகுகள் திரும்பும் டர்போ, அதாவது விஜிடி. உங்கள் வண்டியில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும். 2020 ஏப்ரலுக்குப் பிறகான பிஎஸ்6 டீசல்களில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது, வண்டிக்கு அடியில் தேடி அலைய வேண்டாம்.

முதலில், குறை என்ஜினில்தானா?

பாலக்கோட்டில் இருக்கும் என் மாமா ஆறு மாதம் என்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தார். டீசல் ஃபில்டர் மாற்றினார், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் அது கிளட்ச். ஏற்றத்தில் நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறி, வேகமுள் அப்படியே நின்றால், சக்தி பிறக்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். கருகிய வாடையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், கிளட்ச் பிளேட்தான்.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொள்வது. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் கேலிப்பர், அதாவது பிரேக் பேடை அழுத்தும் பாகம், பிடித்திருக்கிறது. டயர் காற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு ஏற்றம், ஒரு துணை

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு எவ்வளவு ரேஸ் செய்தாலும் ஒன்றும் தெரியாது. பாரம் இல்லாமல் டர்போ முழு அழுத்தம் கொடுக்காது. அதற்கு ஏற்றம் வேண்டும். தொப்பூரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே லாரிகளுக்கு நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதனை செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவது. கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு சூளகிரி போகும் வழியில் மேலுமலை ஏற்றம் இருக்கிறது. அதுவும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் என்பதால் விடியற்காலையில், சாலை ஓய்ந்திருக்கும்போது போங்கள். அதைவிட ஊருக்குப் பக்கத்திலேயே வண்டி வராத மேடு ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது.

துணைக்கு ஒருவரைப் பின் இருக்கையில் உட்கார வைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மில் இருந்து முழுதாக மிதித்து 3500 வரை போங்கள். எந்த ஆர்பிஎம்மில் சோர்கிறது, புகை என்ன நிறம், புதிதாக ஏதாவது சத்தம் கேட்கிறதா, மெல்லக் குறைகிறதா அல்லது சட்டென்று வெட்டுகிறதா? இந்தப் பதில்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டறைக்குப் போய் "பிக்கப் இல்லண்ணா" என்று மட்டும் சொல்வதற்கும், "2500க்கு மேல கரும்புகையோட ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வருதுண்ணா" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

கரும்புகை வருகிறது, இழுவை இல்லை

கரும்புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. எனவே காற்று போகும் வழியை முன்னாலிருந்து பின்னால் வரை பாருங்கள்.

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பொருந்தாது. அந்த மாவுத் தூசி காகிதத்தின் மடிப்புக்குள் போய்ச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கத்தில் இருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும், காகிதமும் கிழியும். புதிது சில நூறு ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். "ஃபில்டர் இல்லாம ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டர்போவின் உறிஞ்சும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதில் ஒரு மணல் துகள் பட்டாலும் சேதம்தான்.

ஃபில்டர் சரி என்றால் அடுத்தது ஓஸ்கள். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒன்று, இன்டர்கூலரில் இருந்து என்ஜினுக்கு ஒன்று. என் வண்டியில் இருந்த குறை இங்கேதான். இரண்டாவது ஓஸின் அடிப்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் புதிது போலத்தான் இருந்தது. வண்டி நிற்கும்போது பிளவு மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறும்போது உதடு மாதிரி திறந்து காற்றை வெளியே தள்ளும். என்ஜின் கம்ப்யூட்டர் கணக்குப்படி டீசலை விட்டுக்கொண்டே இருக்கும், காற்று வந்து சேராது, அதனால் கருப்பு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த ஓஸ்களுக்குள் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருக்கும். அது என்ஜினின் மூச்சுக்குழாயில் இருந்து வருவது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். காற்று கசியும் இடத்தில் அந்த ஈரம் வெளியே தெறித்து, மேலே தூசி ஒட்டிக் கருப்புத் திட்டாக நிற்கும். என்ஜின் ஆறிய பிறகு, ஒவ்வொரு ஓஸையும் அடியில் துணியால் துடைத்துவிட்டு ஓட்டி வாருங்கள். எந்த இடம் மறுபடி ஈரமாகிறதோ அங்கே கையால் மடித்துப் பார்த்தால் பிளவு தெரியும். கிளிப்புகளையும் திருகிப் பாருங்கள். இன்டர்கூலரில் கல் அடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் இதே மாதிரி எண்ணெய்த் திட்டு காட்டிக்கொடுக்கும். எனக்குப் புது ஓஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆன செலவு, அந்தப் பட்டறை சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓஸும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கருப்பு என்றால் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் வால்வு அது. கரி படிந்தால் மூடாது. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். தகடு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல வண்டிகளில் செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிறகு உண்மையான குறை வரும்போது அந்த விளக்கை நீங்கள் கண்டுகொள்ளவே மாட்டீர்கள்.

புகையே இல்லை, 2500க்கு மேல் செத்துப்போகிறது

இது காற்றுக் குறை இல்லை, டீசல் போதவில்லை. மெதுவாகப் போகும்போது தேவை குறைவு என்பதால் சமாளிக்கும். ஏற்றத்தில் கேட்கிற அளவுக்கு வராது.

டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தண்ணீர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் எமன். ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

ஃபில்டருக்குப் பிறகும் மாறவில்லை என்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்கலாம். குமிழி ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே பிடிக்கிறது என்றால் இந்தச் சந்தேகம் வலுவாகும். ஃபில்டர் மாற்றியபோது வாஷர் சரியாக உட்காராததுதான் அடிக்கடி காரணம்.

அதற்கும் மேலே போக ஸ்கேனர் வேண்டும். ரெயில் அழுத்தம் ஐடிலில் பல வண்டிகளில் 250 முதல் 350 பார் வரை இருக்கும், முழு மிதியில் 1400க்கு மேல் போகும். எண்ணைவிட முக்கியம், கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தமும் உண்மையில் இருக்கும் அழுத்தமும் ஒன்றாக ஏறுகின்றனவா என்பது. கேட்பது ஏறி, கிடைப்பது பின்தங்கினால் பம்ப், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, அல்லது இன்ஜெக்டர் கசிவு. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களை நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு ஐடிலில் ஓட்டினால், எந்தப் பாட்டில் மற்றவற்றை முந்தி நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய டீசல்களில் பழகிய மெக்கானிக்குகள் சிலர், வண்டி ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். பழைய இயந்திர பம்பில் அது வழக்கமான சோதனை. காமன் ரெயிலில் அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்திய அளவுதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம். யாரையும் செய்ய விடாதீர்கள்.

சட்டென்று வெட்டுகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது

3000 வரை நன்றாக வந்து, யாரோ கயிறு கட்டி இழுத்தது போல நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதற்கு லிம்ப் மோடு என்று பெயர். ஏதோ ஒரு கணக்கு பொருந்தாததால், என்ஜினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிட்டது.

இங்கே ஊகம் வேலைக்கு ஆகாது, குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. பி0234 என்றால் அதிகம். பி0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு, மேலே சொன்ன டீசல் பகுதிக்குப் போங்கள். வண்டியின் சாக்கெட்டில் மாட்டிக் குறியீடுகளைப் போனில் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. மிகப் பழைய வண்டிகளில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் அதோடு பேசாமல் போகலாம். அப்போது நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். குறியீட்டை எழுதிக்கொள்ளும் முன் அழிக்க விடாதீர்கள்.

விஜிடி வண்டியில் பி0234 வந்தால் டர்போவின் சிறகுகள் கரி படிந்து சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் 1500க்கு மேல் போகாமல் ஊருக்குள்ளேயே ஓட்டும் வண்டிகளுக்கு வரும் நோய் இது. டர்போவை மாற்ற வேண்டியதில்லை, கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

அடாப்டர் வேலை செய்தால் இன்னொரு சின்னச் சோதனை. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தை, அதாவது என்ஜினுக்குள் காற்று நுழையும் குழாயின் அழுத்தத்தைப் பாருங்கள். டர்போ சுழலாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். தர்மபுரி உயரத்துக்கு ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல். ஓசூரில் நின்று பார்த்தால் 91 பக்கம். தர்மபுரியில் 80 என்றோ 115 என்றோ காட்டினால் சென்சார் கரி பிடித்திருக்கிறது அல்லது கெட்டுவிட்டது. சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டரின் கணக்கு முழுவதும் பொய்தான்.

2000க்குக் கீழே தூங்குகிறது, பிறகு விழித்துக்கொள்கிறது

கொஞ்சம் தாமதம் டர்போவின் இயல்பு. முன்பு 1800இல் விழித்தது இப்போது 2600இல் விழித்தால்தான் குறை. டர்போ மேல் வட்டமான டப்பாவும் அதிலிருந்து ஒரு கம்பியும் இருக்கும். அதுதான் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர். வேக்குவத்தில் இயங்கும் விஜிடியில் என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அந்தக் கம்பி உள்ளே இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் வேக்குவம் ஓஸ், சொலினாய்டு (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), ஆக்சுவேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். சாதாரண டர்போவில் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே கம்பி அழுத்தத்தில்தான் நகரும், வேஸ்ட்கேட், அதாவது மிச்சப் புகையை டர்போவைச் சுற்றி வெளியேற்றும் கதவு, திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் வேக்குவம் ஓஸ் கெடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மாந்தோப்பில் வண்டியை நிறுத்தினால் எலியும் அணிலும் பானெட்டுக்குள் குடியேறிவிடும். மெல்லிய ரப்பர் ஓஸ் என்றால் அவற்றுக்கு முறுக்கு மாதிரி. பானெட்டுக்குள் மாங்கொட்டை கிடந்தால் வேறு எதையும் தேடும் முன் அந்த ஓஸ்களை விரலால் தடவிப் பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் சோர்கிறது

சித்திரை வெயிலில் ஏசியோடு நான்கு பேர் ஏறினால் எந்தச் சிறிய டீசலும் கொஞ்சம் முனகும். அதற்கு மேல் என்றால் இன்டர்கூலரின் இடுக்குகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா பாருங்கள். மெல்லிய தண்ணீர்ப் பீச்சில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். வெப்பமுள்ளும் மேலே போகிறது என்றால் இழுவையை மறந்துவிட்டு முதலில் கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது

ஒரே நாளில் போகாததால் ஓட்டுபவருக்கே தெரியாது. வேறு யாராவது ஓட்டிவிட்டு, "என்ன மச்சான், வண்டி இவ்ளோ மந்தமா இருக்கு?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் போலப் படிந்து வழி குறுகியிருக்கலாம், சைலன்ஸர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். நிறைய ஓடிய வண்டியில் கம்ப்ரஷன் சோதனையும், அதாவது சிலிண்டருக்குள் காற்று போதிய அளவு அழுத்தப்படுகிறதா என்ற சோதனையும், செய்துவிடுவது நல்லது. அது குறைந்திருந்தால் மேலே சொன்ன எதைச் செய்தாலும் பணம்தான் வீண்.

நீலப்புகை, சைரன் போன்ற ஊளை, எண்ணெய் குறைகிறது

இப்போதுதான் டர்போவின் முறை. ஆறிய என்ஜினில் உறிஞ்சும் பக்க ஓஸைக் கழற்றி, நடுவில் இருக்கும் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், அது எண்ணெய் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னுமாக ஆடக் கூடாது. சிறகு நுனி கூட்டில் உரசிய தடம் இருந்தால் முடிந்தது.

இந்த அறிகுறியோடு வண்டியை ஓட்ட வேண்டாம். சீல் உடைந்து எண்ணெய் என்ஜினுக்குள் போனால், அதையே எரிபொருளாக்கிக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் பிரேக்கை முழுதாக மிதித்து, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து அருகில் போய் நிற்காதீர்கள்.

டர்போ மாற்றுவது உறுதி என்றால் பட்டறையில் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். டர்போக்கள் பெரும்பாலும் சாவது எண்ணெய் கிடைக்காமல்தான். எனவே எண்ணெய் வரும் குழாயும் புதிதாக இருக்கட்டும், ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அன்றே மாறட்டும். இன்டர்கூலருக்குள் தேங்கிய பழைய எண்ணெயை வடித்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஏற்றத்திலேயே அதை உறிஞ்சிவிடும். மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள்.